ரெக்கா, ராஸா என்று உன் அம்மா கேட்டாள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்த அப்பாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் இதைச் சொல்ல வழியில்லை. நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, போதும், ஊதிப் பெரிசாக்காதீங்க என்று போனை வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். இரண்டு தடவை முயன்று பார்த்தாயிற்று. அதனால் அவள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், இன்று எனக்கு விடுமுறை. மாடிப்படிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், வாடை தாங்காமல் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருக்கிறேன், காகிதம் பறக்காமல் இருக்க அதன்மேல் என் ஸ்க்ரூ டிரைவர் படுத்திருக்கிறது.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், அதை இறக்கி வைத்தால்தான் மேலே எழுதக் கை வரும். போன வருஷம் அம்மாவின் பதவி உயர்வுத் தேர்வு தள்ளிப்போய்விட்டது என்று உன்னிடம் சொன்னோம் இல்லையா, அது தள்ளிப்போகவில்லை. நடந்தது. அம்மா போனாள், தேறவில்லை. நீ புது வேலையில் சேர்ந்திருந்த சமயம், அவளுக்கு எதுக்கு இந்தக் கவலை என்று அம்மா சொன்னாள், நானும் தலையாட்டிவிட்டேன். அவள் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், ஆனாலும் இத்தனை வருஷத்தில் நீயும் நானும் அதை உற்றுப் பார்த்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆஸ்பத்திரிக்கு அடியில், ஜன்னல் இல்லாத அந்த நீள அறையில், ஆபரேஷன் முடிந்து வருகிற கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே ஒவ்வொரு பல்லாகத் திருப்பிப் பார்த்து, எண்ணி, ட்ரேயில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவி மெஷினுக்குள் தள்ளி, மேலே அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். எந்த ஆபரேஷனுக்கு எந்த ட்ரே என்பது அவள் கைக்கே தெரியும். ஆனால் ட்ரேமேல் ஒட்டியிருக்கிற ஆங்கிலப் பெயரை அவள் வாய்விட்டுப் படித்ததில்லை, தெருவில் போகிறவரை முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது மாதிரி அந்தச் சீட்டின் உருவத்தைப் பார்த்துத்தான் எடுப்பாள். மேலே ஆபரேஷன் தியேட்டரிலேயே நிற்கிற கருவி உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் மனு போட்டாள். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். வாய்மொழித் தேர்வில்தான் மாட்டிக்கொண்டாள். பரீட்சை வைக்கிறவர் அடுத்த அறையிலிருந்து இன்டர்காமில் பத்து ஆபரேஷன் பெயர் சொல்வாராம், இவள் அதைத் திருப்பிச் சொல்லி எந்த ட்ரே என்று காட்ட வேண்டுமாம். கண்ணுக்குப் பழகின பெயர் எதுவும் காதுக்குப் பழகவில்லை. பத்துக்கு மூன்று. வெளியே வரும்போது அந்த ஆள், கோபமாகக்கூட இல்லை, சிரித்த முகத்தோடு, கழுவுற வேலைதான் உங்களுக்கு நல்லா வருதே அம்மா, அது போதாதா என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நானாவது ஒழுங்காகப் பேசியிருக்க வேண்டும். ஐம்பத்தோரு வயசுல இந்த நீள நீள வார்த்தையோட எதுக்கு மல்லுக்கட்டுற, விட்டுத் தள்ளு என்று சொல்லிவிட்டேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன், அவளுக்கு அது அந்த ஆள் சொன்னதைவிட மோசமாகப் பட்டிருக்கிறது. இரண்டு நாள் என்னிடம் உப்பு, தண்ணீர், சாவி என்கிற மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

மூன்றாம் நாள்தான் லிஃப்ட் நின்றது. சொன்னால் வெட்கக்கேடு, அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுகளுக்கெல்லாம் பராமரிப்பு உன் அப்பாதான். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒன்று சிக்கிக்கொண்டது, உள்ளே இரண்டு பெண்கள் என்று போன் வந்தபோது நான் ஊருக்கு மறுகோடியில் ஒரு கடைக் கட்டடத்தில் கதவுப் பூட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அரக்கப் பரக்க வந்து சேர நாற்பது நிமிஷம். மெஷின் ரூமில் ஏறிப் பிரேக்கைத் தளர்த்தி, பெட்டியை மெல்ல இறக்கி, கதவைப் பிளந்தால் உள்ளே உன் அம்மாவும், சின்னதாக ஒரு பெண்ணும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பயத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால் அந்தப் பெண் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள், பக்கவாதம் வந்து வாய் குழறுகிறவர்களுக்குத் திரும்பப் பேசக் கற்றுத் தருவது அவள் வேலை. குருவி மாதிரி இருப்பாள், குருவி மாதிரியே கீச்சுக்கீச்சென்று பேசுவாள், அதனால் நான் குருவி என்றுதான் சொல்கிறேன், அம்மா மரியாதையாக டீச்சர் என்கிறாள். லிஃப்ட் சுவரில் எந்த மாடியில் எந்தப் பிரிவு என்று பலகை இருக்கிறது. இருந்த படபடப்பை மறக்க அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு வார்த்தை பலகையின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தில் முடிகிறது, ஓட்டோரைனோலாரிங்காலஜி. காது மூக்கு தொண்டைக்குப் போய் எதுக்கு இவ்வளவு நீளம் என்று அம்மா அலுத்துக்கொள்ள, அதேதான் அம்மா, காது மூக்கு தொண்டைன்னுதான் அதுல எழுதியிருக்கு என்றாளாம் குருவி. ஓட்டோ என்றால் காது, ரைனோ மூக்கு, லாரிங் என்பது குரல்வளை, கடைசியில் வருகிற ஆலஜி என்றால் படிப்பு. நாலு சின்ன வார்த்தை கைகோத்துக்கொண்டு நிற்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பூதம் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். அப்புறம் அதை ஒன்பது தட்டாகப் பிரித்துக் கை தட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், ஓ, டோ, ரை, நோ, லா, ரிங், கா, ல, ஜி, அதில் கா வரும்போது மட்டும் பலமாகத் தட்ட வேண்டும். நான் கதவைத் திறந்தது அந்தக் காவில்தான். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, நாற்பது நிமிஷம் ஏன் என்று கேட்கவில்லை, இருங்க, இன்னும் ரெண்டு தட்டு பாக்கி இருக்கு என்றாள்.

அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் டீ நேரத்தில் குருவி மாடியிலிருந்து இறங்கி வருவாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவு, குளியலறைக் கண்ணாடி, என் டூல் பெட்டியின் மூடி என்று எல்லா இடத்திலும் ஆபரேஷன் பெயர் எழுதின சீட்டு. எனக்கும் வேலை வந்தது, கரண்டியும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு அம்மா சொல்லச் சொல்லத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட எனக்கே ஒன்று புரிந்தது. நாம் பேசும்போது ஒரு வார்த்தையில் இருக்கிற எல்லா எழுத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பரிமாறுகிறோம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒருத்தருக்கு மட்டும் தட்டு நிறையப் போட்டுவிட்டு மற்றவர்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். அது கூடத் தொலையட்டும், அந்த நிறைந்த தட்டு ஒரே ஆளிடம் நிற்பதுமில்லை. குருவி ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தபோது காட்டினாள், ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் தட்டில் அழுத்தம், எடுக்கிறவரைச் சொல்லும்போது ஃபொடாக்ரஃபர், அழுத்தம் இரண்டாவதுக்குப் போய்விடுகிறது, ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதுக்கு. வாலில் எதை ஒட்டுகிறோமோ அது அழுத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நான் நாற்பது வருஷமாக எல்லாவற்றையும் முதலிலேயே குத்திக்கொண்டிருந்தேன், ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் பெயர்களுக்கும் வால்தான் முக்கியம் என்று தனி நோட்டுப் போட்டாள். எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுத்துவிடுவது. ஆஸ்டமி என்றால் வெளியே வழி திறந்துவிடுவது, குழாய் வைப்பது அதில் சேரும். ஆஸ்கோப்பி என்றால் உள்ளே விட்டுப் பார்ப்பது. இந்த மூன்றுக்கும் கடைசியிலிருந்து மூன்றாவது தட்டில் அழுத்தம். ஐடிஸ் என்றால் வீக்கம், அங்கே அந்த ஐயிலேயே அழுத்தம். என் முழங்காலைப் பார்த்து ஆர்த்ரைடிஸ் என்று ஒரு நாள் கரண்டியால் அந்த ரையில் ஒரு தட்டுத் தட்டினாள் பார், வலி கூட அந்த இடத்தில்தான் வந்தது. இந்த வருஷமும் மனு போட்டிருந்தாள், பரீட்சை நெருங்க நெருங்க நான் டிவி பார்க்கக் கூடாது என்று ரிமோட்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். கேட்டதற்கு, ரிமோட்டெக்டமி என்றாள். சிரிக்காமல் சொன்னாள், அதுதான் உன் அம்மா.

இனிமேல்தான் முக்கியமான விஷயம், இதையும் நான் அவள் வாயால் கேட்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள். இரண்டாவது பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் கொஞ்சம் தாமதமாக வந்தாள், என்ன என்றேன், வேலை ஜாஸ்தி என்றாள், சாப்பிட்டாள், நோட்டை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். எட்டு நாள் கழித்து நான் அந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் கதவு உருளையை மாற்றிக்கொண்டிருந்தேன். தியேட்டரின் தலைமை நர்ஸ் வந்து நின்றார். யாரையும் நின்று விசாரிக்கிற ஆளில்லை, அவர் நடந்தால் வராந்தாவே ஒதுங்கும். என்னைப் பார்த்து, "நீங்கதானே ரெக்கா ராஸா அம்மாவோட வீட்டுக்காரர்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆள் மாறிப்போச்சு சிஸ்டர் என்றேன். அவர் சிரித்துவிட்டார், அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

நடந்தது இதுதான். மரச்சாமான் செய்கிற தச்சர் ஒருவர், நாற்பது வயசு, இரண்டு பெண் குழந்தைகள், இடது சிறுநீரகத்தில் கல் அடைத்துச் சீழ் பிடித்து, குளிர் ஜுரத்தில் நடுங்கிக்கொண்டு காலையில் வந்து சேர்ந்திருக்கிறார். உடனே முதுகு வழியாக ஒரு குழாய் வைத்துச் சீழை வெளியே விட வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். அதன் பெயர் நெஃப்ராஸ்டமி. நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், வாலை உனக்கு மேலே சொல்லிவிட்டேன். சிறுநீரகத்தையே எடுத்துவிடுவதற்குப் பெயர் நெஃப்ரெக்டமி. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார், தலையும் ஒன்று, முடிவும் ஒன்று, நடுவில் ஒரே ஒரு தட்டுதான் வித்தியாசம், ராஸ், ரெக். அழுத்தமும் அந்தத் தட்டில்தான் விழ வேண்டும், அதை விழுங்கிவிட்டால் இரண்டும் ஒரே சத்தம். வார்டிலிருந்து அவசரமாகப் போனில் சொன்னதில் அந்தத் தட்டு விழுங்கப்பட்டுவிட்டது. தியேட்டர் கிளார்க் தனக்குப் பழகின பெயரை எழுதிவிட்டார், எடுப்பது என்று. சீட்டு கீழே அம்மாவிடம் வந்தது. அவள் பெரிய சிறுநீரக ட்ரேயை அலமாரியிலிருந்து இறக்கி வண்டியிலும் வைத்துவிட்டாள். அப்புறம் சீட்டை இன்னொரு தடவை பார்த்திருக்கிறாள். நேரம் முப்பது நிமிஷம் என்று போட்டிருந்தது. அந்த ட்ரே மேலே போனால் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து திரும்பி வந்ததை அவள் இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. ரத்தம் எத்தனை பாட்டில் என்கிற கட்டம் காலியாக இருந்தது. எக்டமிக்கு அரை மணியா, ரத்தம் வேண்டாமா என்று அவளுக்கு உறுத்தியிருக்கிறது. கிளார்க்கைக் கூப்பிட்டாள். எழுதினது எழுதினதுதான்மா, நீங்க ட்ரேயை அனுப்புங்க என்று வைத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு முந்தைய உன் அம்மாவாக இருந்தால் அனுப்பியிருப்பாள், அதை அவளே பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு வார்டுக்குப் போன் போட்டாள். அங்கிருந்த நர்ஸ் கைவேலையோடு அதே வார்த்தையை அதே வேகத்தில் சொல்லியிருக்கிறாள், அம்மாவின் காதுக்கு நெஃப்ருக்கும் டமிக்கும் நடுவில் வெறும் மூச்சுதான் கேட்டது. அப்போதுதான் அவள் கேட்டாள், தலைமை நர்ஸ் எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்.

"சிஸ்டர், நடுவுல முழுங்கிட்டீங்க. ரெக்கா, ராஸா?"

என்னது என்று அந்த நர்ஸ் எரிந்து விழுந்திருக்கிறாள். அம்மா விடவில்லை. "நெஃப்ரெக்டமியா, நெஃப்ராஸ்டமியா? எடுக்கப் போறாங்களா, குழாய் வைக்கப் போறாங்களா? டாக்டர் எழுதினதைப் பார்த்துச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

காகிதம் புரள்கிற சத்தம் கேட்டதாம். அப்புறம் அந்த நர்ஸ் மெதுவாக, ராஸ், குழாய்தான் என்று சொல்லிவிட்டு, நீங்க எந்த டாக்டர் பேசறீங்க என்று கேட்டிருக்கிறாள். அதற்கு உன் அம்மா, "கீழே கழுவுற ரூம்லேருந்து பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, தலைமை நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லி, பெரிய ட்ரேயை இறக்கிவிட்டு, ஊசியும் கம்பியும் குழாயும் இருக்கிற சின்ன ட்ரேயைப் பத்து நிமிஷத்துக்குள் மேலே அனுப்பிவிட்டாள். நான் இதைக் கேட்டுக்கொண்டே உருளையைக் கையில் வைத்தபடி நின்றேன். எட்டு நாள் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். அன்றைக்குச் சாயங்காலம் கேட்டேன். அவள் உடனே அதைச் சின்னதாக்கப் பார்த்தாள். கத்தி வைக்கிறதுக்கு முன்னால ஆள் பேரு, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன்னு எல்லார் முன்னாலயும் வாசிப்பாங்க, டாக்டருக்குத் தெரியாதா, அங்கேயே பிடிச்சிருப்பாங்க, நான் பார்த்தது வெறும் ட்ரே என்றாள். அவள் சொல்வது உண்மைதான், உன் அம்மா ஒரு மனுஷனின் சிறுநீரகத்தைக் காப்பாற்றினாள் என்று நான் உனக்கு எழுத மாட்டேன். ஆனால் தலைமை நர்ஸ் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். தப்பான ட்ரேயைத் திருப்பி அனுப்பி, சரியானதைத் தேடி எடுத்துவர முக்கால் மணி நேரமாவது போயிருக்கும், அந்த ஆளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு அந்த முக்கால் மணி இருந்ததா என்று எனக்குத் தெரியாது என்று சொன்னார். தச்சர் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஜுரம் விட்டது, பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். அவருக்கு உன் அம்மாவைத் தெரியாது. இனிமேல் போனில் ஆபரேஷன் பெயர் சொல்கிறவர்கள் பெயரோடு எடுப்பதா, குழாயா, பார்ப்பதா என்று அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தியேட்டரில் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

பரீட்சைக்குப் போன அன்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன தடவை வந்த அதே ஆள்தான். பத்துக்கு ஒன்பது. முடிந்து வெளியே வந்தபோது அவர் தானாகவே, போன வருஷம் நான் ஏதோ சொன்னேன், மனசுல வெச்சுக்காதீங்க என்றார், என் காதாலேயே கேட்டேன். அம்மா, வெச்சுக்கிட்டதாலதான் சார் வந்தேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை, சிரிக்கவுமில்லை, வணக்கம் சொல்லிவிட்டு நடந்தாள். நான் அந்த வராந்தாவில் எத்தனையோ தடவை கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஆனால் வழி முழுக்க அவளுக்குக் கிடைத்த ஒன்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, போன ஒன்றைப் பற்றித்தான் புலம்பல். கொலிசிஸ்டெக்டமி என்று சொன்னார்களாம், இவள் வாலிலேயே கவனமாக இருந்து தலையைக் கோட்டை விட்டு, சிஸ்டெக்டமி என்று எடுத்துக்கொண்டு, பித்தப்பைக்குப் பதில் சிறுநீர்ப்பையின் ட்ரேயைக் காட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நோட்டைத் திறந்து, கொலி என்றால் பித்தம் என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டாள். நான் அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். விட்டுத் தள்ளுன்னு சொன்னேனே, அது தப்பு என்றேன். அவள் நோட்டை மூடிவிட்டு, நீங்க கரண்டி தட்டினீங்களே, சரியாப் போச்சு என்றாள். குருவிக்குச் செய்தி சொன்னபோது அவள் வார்டு நடுவிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டாளாம், பயிற்சிக்கு வந்திருந்த ஒரு வயசானவர், இரண்டு மாதமாகச் சரியாகப் பேச வராதவர், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது தட்டும் கணக்காகத் தட்டிக் காட்டினாராம்.

போன திங்கட்கிழமை அவளுக்கு மேலே முதல் நாள். பச்சை உடுப்பு, தலைக்குத் தொப்பி, எல்லாம் புதுசு. பதற்றத்தில் படிக்கிற கண்ணாடியை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன், இந்த முழங்காலோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. தியேட்டர் வாசலில் இரட்டைக் கதவு, அதற்குமேல் யாரையும் விடமாட்டார்கள். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. நான் அதன் வழியாகப் பார்த்தபோது டாக்டர்கள், நர்ஸ்கள், மயக்க மருந்து கொடுக்கிறவர் என்று ஒரு ஏழெட்டுப் பேர் அரைவட்டமாக நிற்கிறார்கள், நடுவில் உன் அம்மா, யாரோ ஒரு நர்ஸின் கண்ணாடியை இரவல் வாங்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, அன்றைய பட்டியலை வாசிக்கிறாள். கதவு வழியாக வார்த்தை தெளிவாகக் கேட்காது, அழுத்தம் மட்டும்தான் கேட்கும். அது போதுமாக இருந்தது. ஒவ்வொரு நீளப் பெயரும் நிதானமாக ஏறி, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு கணம் நின்று, இறங்கியது. ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் தட்டவில்லை, கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டியல் முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். ஒரு வார்டு பையனோ யாரோ, யாரைப் பார்க்கணும் என்று கேட்டார்கள். உள்ளே வாசிக்கிறாங்களே, அவங்க என் வீட்டுக்காரி என்று மட்டும் சொன்னேன்.

சரி, உனக்கு இரண்டு விஷயம். காலையில் வெறும் காபியோடு ஓடாதே, அது அம்மா சொன்னது. இரண்டாவதும் அவள் சொன்னதுதான், கடிதம் போடப் போகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன், இதை எழுதச் சொல்லித் தனியாகக் கேட்டுக்கொண்டாள். போன வாரம் பேசும்போது நீ ஒன்று சொன்னாயாம், ஆபீஸில் உன் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை என்று முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக் கூப்பிடுகிறார்கள், நீயும் கதவுப் பலகையில் அப்படியே போட்டுக்கொண்டுவிட்டாய் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாயாம். போனை வைத்த பிறகு அம்மா ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து, அவ பேருக்கு அஞ்சே அஞ்சு தட்டுதாங்க, நான் எண்ணிப் பார்த்துட்டேன், நானே ஒம்போது தட்டு கத்துக்கிட்டேன், படிச்சவங்களுக்கு அஞ்சு வராதா என்று கேட்டாள். அவர்களிடம் கோபப்படாதே, உட்காரவைத்துப் பிரித்துச் சொல்லிக்கொடு, முதல் நாள் தப்பாகத்தான் வரும், இரண்டாம் நாள் கொஞ்சம் வரும் என்று எழுதச் சொன்னாள். எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்பார்கள், எங்கேயும் வேண்டாம், முழுசாகச் சொன்னால் போதும் என்று சொல்லிவிடு. அந்தப் பலகையை மாற்றிவிட்டு ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு, மறக்காதே.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்பும் மனசும் திடமாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அம்மா வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

உன் அம்மாவை இத்தனை வருஷம் கழித்து முழுசாகப் படித்த
உன் அப்பா